மலைப் பாட்டும் அரக்குத் தட்டும்

அரக்கு என்றதும், பாரதக் கதை கேட்டோர் நினைவுக்கு வருவது பாண்டவரை எரித்தொழிக்கவென்று துரியோதனன் கட்டுவித்த மாளிகையே. அழிப்பதற்கென்று அன்று தேடப்பட்ட அப்பொருளே பிற்காலத்தில் மனிதக் குரலைக் காத்து வைக்கும் கலமாக அமைந்தது விந்தையன்றோ? கிராமபோன் பெட்டி புழங்கிய காலத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழன்ற கறுப்பு இசைத்தட்டுகள், அரக்கும் கல்மாவும் கரியும் கலந்து செய்யப்பட்டவை. அவ்வரக்கின் பெரும் பகுதி இந்தியாவின் சோட்டா நாகபுரி முதலிய காட்டுப் பிரதேசங்களில், பலாசு போன்ற மரங்களின் கொம்புகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரந்த பிசினாகும். அந்தப் பிசினிலேதான் அமெரிக்க மலைநாட்டுக் குடியானவனின் குரலும் பதிந்தது. அக்குரல்கள் எவ்வாறு பதிவாயின, எவ்வாறு மறக்கப்பட்டன, மறுபதிப்புகள் வாயிலாக எவ்வாறு மீண்டன, மீண்டபொழுது எவை விடுபட்டன என்பதே இங்கு நோக்கப்படும் வரலாறு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பாகத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். வேர்ஜினியா, மேற்கு வேர்ஜினியா, கென்டக்கி, தெனசி, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் அமைந்த அதன் தென் பகுதியே இவ்வரலாற்றின் களம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்தும், வட அயர்லாந்தில் வாழ்ந்த ஸ்கொத்லாந்திய மரபினரிடையிருந்தும், ஜேர்மன் நாடுகளிலிருந்தும் வந்தோர் இம்மலைப் பள்ளத்தாக்குகளிற் குடியேறினர். அவர்கள் கதைப்பாட்டுகளையும் பிடில் வாத்தியத்தையும் தம்முடன் கொணர்ந்தனர். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆபிரிக்கரோ, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்துத் தந்தி கட்டி வாசிக்கும் தம் நாட்டு மரபிலிருந்து பான்ஜோ என்னும் வாத்தியத்தை உருவாக்கினர். பிடிலும் பான்ஜோவும் சேர்ந்து ஒலிப்பதே மலைநாட்டு இசை என்று உலகம் பின்னர் அறிந்தது. ஆகவே அவ்விசை பிறந்த நாள்தொட்டே இரு கண்டங்களின் பிள்ளையாகும். இவ்வுண்மை பின்வரும் செய்திகளுக்கு அடிப்படையாதலின், இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்பாட்டுகளை முதலில் தேடிச் சென்றோர் ஏடும் எழுதுகோலும் கொண்டே சென்றனர். இங்கிலாந்தைச் சேர்ந்த செசில் ஷார்ப் என்னும் இசை அறிஞர், மோட் கார்ப்பிலஸ் என்னும் உதவியாளருடன் 1916 தொடக்கம் 1918 வரை இம்மலைகளிற் பல வாரங்கள் அலைந்து, 1,600க்கு மேற்பட்ட மெட்டுகளைக் குறித்தெடுத்தார். இங்கிலாந்திலே மறைந்துகொண்டிருந்த பழங்கதைப் பாட்டுகள் கடல் கடந்த மலைக்குடில்களில் உயிரோடிருந்தமை அவரைப் பெருமகிழ்வில் ஆழ்த்தியது. ஆயினும், அவர் தேடியது இங்கிலாந்தின் பழமையை. கறுப்பு இனத்தவரின் வாசல்களை அவர் மிதித்தது மிக அரிது. மேலும், மெட்டைத் தாளில் எழுதலாம். பாடியவரின் மூச்சையும், குரலின் கரகரப்பையும், தந்தியை மீட்டிய விரலின் தனிப் போக்கையும் எழுத இயலாது. அதற்குப் பொறி ஒன்று வேண்டியிருந்தது.

பொறியைக் கொணர்ந்தவர் அறிஞரல்லர், வணிகர். 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வானொலி பரவத் தொடங்கியதும் இசைத்தட்டுக் கம்பனிகளின் விற்பனை தளர்ந்தது. புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. 1923ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜோர்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில், போல்க் புறொக்மன் என்னும் வணிகரின் தூண்டுதலால், ஓக்கே கம்பனியார் ஜோன் கார்சன் என்னும் பிடில் வித்துவானைப் பதிவு செய்தனர். பதிவை மேற்பார்வை செய்த றால்ப் பியர் அவருடைய பாட்டைச் சிறிதும் இரசிக்கவில்லை. ஆனால், அச்சிட்டு அனுப்பிய 500 தட்டுகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. மலைநாட்டாரும் சிற்றூராரும் தம் சொந்தக் குரலைத் தாமே காசு கொடுத்து வாங்குவர் என்னும் உண்மை அன்றே வணிக உலகுக்குப் புலனாயிற்று.

அதே றால்ப் பியர், விக்டர் கம்பனியின் சார்பில் 1927ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 5ஆம் திகதி வரை பிறிஸ்டல் என்னும் பட்டினத்தில் நடத்திய ஒலிப்பதிவே இவ்வரலாற்றின் நடுநாயகமாகும். தெனசிக்கும் வேர்ஜினியாவுக்கும் உரிய எல்லைக்கோடு இப்பட்டினத்தின் பெருந்தெரு வழியே செல்கிறது. முன்னர் தொப்பி செய்யும் கம்பனிக்குரியதாயிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் பியரும் அவருடைய பொறியியலாளர் இருவரும் தம் கருவிகளை நிறுவினர். சுவர்களில் கம்பளிகள் தொங்கவிடப்பட்டன. எடைக்கல் ஒன்று மெல்லக் கீழிறங்க, அதன் இழுப்பினாற் சுழன்றது பதிவு மேடை. மின்சார ஒலிவாங்கி பிடித்த ஓசை, தடித்த மெழுகுத் தட்டிலே கோடாகக் கீறப்பட்டது. பன்னிரண்டு நாள்களில் 19 குழுவினர் 76 பாட்டுகளைப் பதிவு செய்தனர்.

வந்தோர் யாவர்? பஞ்சாலைத் தொழிலாளர், தச்சர், உழவர், கோயிற் பாடகர். அவர்களுள் ஒருவராகிய ஏ. பி. கார்ட்டர் என்பவர், ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள மேசஸ் ஸ்பிறிங் என்னும் சிற்றூரிலிருந்து கரடுமுரடான பாதையிற் பழைய மோட்டார் வண்டியில் வந்தார். மனைவி சாரா கைக்குழந்தையுடன் வந்தார். தம்பி மனைவியாகிய மேபெல் என்னும் பதினெட்டு வயதுப் பெண், பேறுகாலம் நெருங்கிய நிலையிற் கிற்றாரைச் சுமந்து வந்தார். ஓகஸ்ட் 1ஆம், 2ஆம் திகதிகளில் அம்மூவரும் ஆறு பாட்டுகள் பாடினர். பாட்டொன்றுக்கு 50 டொலர் கூலி. கட்டைவிரலாற் கீழ்த் தந்திகளில் மெட்டை எடுத்து, ஏனைய விரலால் மேல் தந்திகளில் தாளத்தை நிறுத்திய மேபெலின் கைமுறை, பின்வந்த கிற்றார்க் கலைஞர் எண்ணற்றோருக்குப் பாடமாயிற்று. ஓகஸ்ட் 4ஆம் திகதி, காசநோயால் நலிந்திருந்த ஜிம்மி றோஜர்ஸ் என்னும் முன்னாட் புகையிரத ஊழியர் அதே அறையிற் பாடினார். ஒரு கிழமைக்குள் நாட்டுப்புற இசையுலகின் இரு பெருங் கிளைகளும் அவ்வறையில் முளைவிட்டன எனல் மிகையன்று.

பொறி குரலைக் காத்தது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் கேட்டது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே கொள்ளும். இரவு முழுதும் திண்ணையில் நீட்டிப் பாடிய கதைப்பாட்டு, சில அடிகளாகச் சுருங்க வேண்டியதாயிற்று. நாடகத்தின் இடைக் காட்சிகள் உதிர்ந்தன. தொடக்கமும் முடிவும் எஞ்சின. அதைவிடப் பெரிய மாற்றம் உரிமை பற்றியது. பியர் கம்பனியிடம் சம்பளம் பெறுவதினும், பாட்டுகளின் வெளியீட்டு உரிமையிலிருந்து வரும் வருவாயையே நாடினார். ஆகவே, யாருடையது என்று எவரும் கேட்டறியாத பழம்பாட்டுகளும், சிறிது திருத்தம் பெற்றுப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு உரியனவாயின. ஏ. பி. கார்ட்டர் ஊரூராகச் சென்று பாட்டுச் சேர்த்தார். அவை அவர் பெயரிற் பதிவாயின. பொதுக் கிணறாக இருந்தவற்றுக்கு வேலி இடப்பட்டது.

வேலி இட்டோருக்கும் நெடுநாள் வாழ்வு வாய்க்கவில்லை. 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டு வணிகத்தை முறித்தது. 1927இற் பத்துக் கோடிக்கு மேல் விற்ற தட்டுகள், 1932இல் அறுபது இலட்சம் அளவிற்கு இறங்கின. மலைநாட்டுப் பதிவுகளிற் பெரும்பாலானவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மூல அச்சாகிய உலோகத் தட்டுகள் பல உருக்கப்பட்டன. பின்னர் யுத்தம் வந்தது. இந்திய அரக்கு படைத் தேவைகளுக்கும் வேண்டியிருந்தமையால், 1942இல் அமெரிக்க அரசு அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரட்டி, அரைத்து, புதிய தட்டுகள் வார்த்தனர். நேற்றைய குரலைப் பொடி செய்து இன்றைய குரலுக்கு இடம் செய்த காலம் அது. மலைவீட்டுப் பரணிலும் பழம்பொருட் கடையின் மூலையிலும் தப்பிக் கிடந்த தட்டுகளே பல பாட்டுகளுக்கு எஞ்சிய ஒரே சான்றாயின.

மீட்சியின் முதல் ஒளி வாசிங்டன் நகரத்துக் காங்கிரசு நூலகத்திலிருந்து தோன்றியது. அங்குப் பணியாற்றிய அலன் லோமாக்ஸ், வணிகத் தட்டுகளை 3,000க்கு மேற் கேட்டு, நாட்டுப் பாடல் மரபுக்குரியவை என 350 தட்டுகளைத் தேர்ந்து, 1940இல் ஒரு பட்டியல் ஆக்கினார். அவருடைய தந்தையார் ஜோன் லோமாக்ஸ் தெரிந்தெடுத்த மலைநாட்டுக் கதைப்பாட்டுகளின் தொகுதியை விக்டர் கம்பனி 1941இல் வெளியிட்டது. அலன் லோமாக்ஸ் தொகுத்த வேறொரு தொகுதி, மலைநாட்டு நடன இசை பற்றியது, 1947இல் வந்தது. மலிவுக் கடைச் சரக்கென்று தள்ளப்பட்டவை கலைச்செல்வம் என ஏற்கப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவே.

ஆயினும், மறுபதிப்பு என்னும் செயலுக்கே புதிய பொருள் தந்தவர் ஹறி சிமித். 1923இற் பிறந்த இவர், மேற்குக் கரையில் வளர்ந்து, யுத்த காலத்திற் பழந்தட்டுகளை ஆயிரக்கணக்கிற் சேர்த்தவர், ஓவியமும் திரைப்படமும் பயின்றவர், கையிற் பொருளில்லாதவர். தட்டுகளை விற்கும் நோக்கத்துடன், நியூயோர்க்கில் போக்வேஸ் கம்பனி நடத்திய மோசஸ் ஆஷ் என்பவரை நாடினார். ஆஷோ, தட்டுகளினும் அவற்றைச் சேர்த்தவரின் அறிவே பெறுமதி மிக்கது எனக் கண்டு, தொகுதி ஒன்றை ஆக்குமாறு பணித்தார். 1948இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு அதற்கு வாய்ப்பளித்தது. 1952இல், ஆறு தட்டுகளில் 84 பாட்டுகள் அடங்கிய அமெரிக்க நாட்டார் இசைத் தொகை வெளிவந்தது. அவற்றுட் பெரும்பாலானவை 1927க்கும் 1932க்கும் இடைப்பட்ட பதிவுகள். மலைநாட்டுப் பாட்டுகளோடு தென்னாட்டின் பிற பாட்டுகளும் கலந்தவை. மூலக் கம்பனிகளிடம் உரிமை பெறாமலே இது வெளியானது என்பதும் வரலாறு.

சிமித் செய்த துணிவான காரியம் ஒன்றுண்டு. 1920ஆம் ஆண்டுகளிற் கம்பனிகள் கறுப்பு இனத்தார்க்கென ஒரு வரிசையும் மலைநாட்டு வெள்ளையர்க்கென மற்றொரு வரிசையும் வகுத்து, இசையைத் தோலின் நிறத்தாற் கூறுபோட்டிருந்தன. சிமித் அவ்வேலியைப் பிடுங்கினார். கதைப்பாட்டு, கூட்ட இசை, தனிப்பாட்டு என மூன்றாக வகுத்து, பாடியவரின் இனத்தைக் குறிப்பிடாமலே விட்டார். பலர் ஆண்டுக் கணக்காக இன்னார் இன்ன இனத்தவர் என்று அறியாமலே கேட்டனர். அடுத்தடுத்து வைக்கப்பட்டபொழுது இரு திறத்தாரின் பாட்டும் ஒரே மண்ணின் வாசனை வீசின. பதிப்பாளன் ஒரு சொல்லும் சேர்க்காமல், வரிசையை மாற்றியே உண்மையை உரைக்கலாம் என்பதற்கு இது சான்று.

இத்தொகையைக் கேட்ட இளைஞர், தட்டுகளிற் பாடியவர்கள் என்றோ இறந்துபட்டவர் என்றே எண்ணினர். 1920ஆம் ஆண்டுகளுக்கும் 1950ஆம் ஆண்டுகளுக்கும் இடையில் ஒரு யுகமே சென்றதாகத் தோன்றியது. ஆனால் உண்மை வேறாயிருந்தது. 1960இல் வட கரோலினாவில் யூனியன் குறோவ் என்னும் இடத்தில் நடந்த பிடில் விழாவில், றால்ப் றின்ஸ்லர் என்பவர் டொம் ஆஷ்லி என்னும் முதியவரைச் சந்தித்தார். அவரே தொகையிற் பாடிய கிளாறன்ஸ் ஆஷ்லி! அவர் மூலமாகவே, கண்பார்வையற்ற கிற்றார்க் கலைஞர் டொக் வற்சனையும் வெளியுலகம் அறிந்தது. ஆஷ்லியின் புதிய பதிவுகள் 1961இல் வெளிவந்தன.

அதனினும் நெஞ்சைத் தொடுவது டொக் பொக்ஸ் என்பவரின் வரலாறு. 1898இல் வேர்ஜினியாவின் நோர்ட்டன் என்னும் ஊரருகே பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கினார். கறுப்பு இனக் கலைஞர் பான்ஜோவை விரல்களால் மீட்டியதைச் சிறுவயதிற் கண்டு, அவ்வழியிலே தமக்கென ஒரு முறை வகுத்தார். 1927இல் நியூயோர்க் சென்று புறன்ஸ்விக் கம்பனிக்கு எட்டுப் பாட்டுகளும், 1929இல் மேலும் நான்கும் பதிவு செய்தார். பஞ்சகாலம் வந்தது, பாட்டினாற் பிழைக்கும் வழி அடைபட்டது, மனைவியாரும் அத்தொழிலை விரும்பவில்லை. பான்ஜோவை நண்பர் ஒருவரிடம் கடனுக்கு ஈடாக விட்டு, மீண்டும் சுரங்கத்துள் இறங்கினார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் வாசிக்கவில்லை. ஓய்வு பெற்றபின் மீண்டும் பான்ஜோவைக் கையிலெடுத்திருந்த நிலையில், 1963இல் மைக் சீகர் அவரைத் தேடி நோர்ட்டனுக்கு வந்தார். தம் பன்னிரண்டு பாட்டுகளுட் சில தூர நகரங்களில் இளைஞர் பலரால் மனப்பாடம் செய்யப்பட்டதை அம்முதியவர் அதுவரை அறியார். சில வாரங்களுக்குள் ஆஷ்வில் நகர மேடையிற் பாடினார். 1971இல் தம் 73ஆம் பிறந்த நாளில் மறையும் வரை அவர் பாட்டு நிற்கவில்லை. வாழ்வின் மாலையில் ஒருவருக்கு அவருடைய இளமையைத் திருப்பிக் கொடுத்த மறுபதிப்பு அது.

எல்லார்க்கும் அந்த நற்பேறு கிட்டவில்லை. ஏ. பி. கார்ட்டர் பாட்டுச் சேர்க்க அலைந்தபொழுது அவருடன் சென்றவர் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பு இனக் கிற்றார்க் கலைஞர். விபத்தொன்றில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். றிடில் மெட்டை மனத்திற் பதித்துக்கொள்வார். மேபெலின் கைமுறையிலும் இவர் பயிற்றுவித்தவை கலந்துள்ளன. ஆயினும், பிறிஸ்டல் முதலிய பதிவுகளுள் இவருடைய குரல் எங்கும் இல்லை. பதிவாகாத குரலை எந்த மறுபதிப்பும் மீட்க இயலாதன்றோ? 1965இல் மைக் சீகர் இவரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். அப்பதிவுகள் நூல் நிலையத்திலும் பெட்டியிலும் காத்திருந்து, இசைத்தட்டாக வெளிவந்தது 1993இலே. அதற்கு முன்பே றிடில் காலமாகிவிட்டார்.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. மறுபதிப்பு என்பது வெறும் நகல் அன்று. அது ஒரு தீர்ப்பு. ஏடு பெயர்த்தெழுதுவோன் எதை எழுதுகிறான், எதை விடுகிறான் என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் அறிவு அமைகின்றது. 1960ஆம் ஆண்டுகளில் டேவிட் பிறீமன் நிறுவிய கவுண்டி கம்பனி மலைநாட்டுப் பிடில் இசையை முறையாக மறுபதிப்புச் செய்தது. ஜோ பசார்ட் போன்ற சேகரிப்பாளர் வீடு வீடாகச் சென்று கதவு தட்டிப் பழந்தட்டுகளைத் திரட்டினர். 1987இல் பிறிஸ்டற் பதிவுகளின் தெரிவு ஒன்று வந்தது. 1997இல் சிமித்தின் தொகை, சிமித்சோனியன் நிறுவனத்தால் குறுந்தட்டுகளாக மீண்டது. 2011இல் ஜேர்மனியிலுள்ள பெயர் பமிலி கம்பனி, 1927, 1928 ஆகிய இரு ஆண்டுகளின் பிறிஸ்டற் பதிவுகளையும் ஐந்து குறுந்தட்டுகளில் நிறைவாக வெளியிட்டது. அமெரிக்க மலையின் பாட்டை முழுமையாகக் கேட்க விரும்புவோர் ஜேர்மானியரின் உழைப்பையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

2020இல் எழுந்த ஒரு வினா இத்தீர்ப்பின் கடுமையைக் காட்டுகிறது. சிமித் தெரிந்தெடுத்த தட்டுகளின் மறுபக்கங்களை மாத்திரம் தொகுத்து, அட்லாண்டாவிலுள்ள டஸ்ட் ரு டிஜிற்றல் என்னும் நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் மூன்று பாட்டுகள் கறுப்பு இனத்தவரை இழித்துரைக்கும் சொற்கள் கொண்டவை. வெளியீட்டாளர் அம்மூன்றையும் நீக்கிவிட்டே தொகுதியை வழங்கினர். வரலாற்றை உள்ளவாறே காட்டல் வேண்டும் என்போர் ஒருபுறம். இழிசொல்லுக்குப் புதிய வாழ்வளித்தல் தகாது என்போர் மறுபுறம். இரு பக்கத்தும் நியாயமுண்டு. ஆயினும் நீக்கியதை மறைக்காமல் வெளிப்படையாக அறிவித்தமை பதிப்புநெறிக்கு உகந்தது. விட்டது இன்னதென்று கூறும் பதிப்பாளனை நம்பலாம். விட்டதே இல்லையென்று நடிப்பவனை நம்புதல் அரிது.

பதிப்புத் தொழிலின் உழைப்பையும் சிறிது கூறல் தகும். தேய்ந்த தட்டைக் கழுவித் துடைத்து, அதன் கோட்டின் அகலத்துக்கும் தேய்வுக்கும் ஏற்ற முள்ளைத் தெரிந்து இசைவித்தல் வேண்டும். அக்காலத் தட்டுகள் யாவும் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் சிறிது பிழைத்தால் முதியவர் குரல் இளைஞர் குரலாகும், ஆழ்ந்த துயரம் விளையாட்டாகும். இரைச்சலை அடியோடு நீக்க முயன்றால், அதனுடன் பிடிலின் உயிரோசையும் போய்விடும். ஆகவே, அறிந்த பதிப்பாளர் சிறிது இரைச்சலைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

வேலி இடப்பட்ட பொதுக் கிணறு பற்றி முன்னர்க் கூறப்பட்டது. 2018இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று பழைய ஒலிப்பதிவுகளின் உரிமைக்கு எல்லை வகுத்தது. அதன்படி, ஜோன் கார்சன் பாடிய 1923ஆம் ஆண்டின் பதிவுகள் 2024 ஜனவரி முதலாந் திகதி பொதுச் சொத்தாயின. 1927இல் வெளியான தட்டுகளும் 2028இல் அவ்வாறே ஆதல் வேண்டும். தொப்பிக் கட்டடத்து மேல்மாடியிற் கைக்குழந்தையோடும் கிற்றாரோடும் வந்து நின்றோர் பாடியவை, நூறு ஆண்டு கழிந்தபின், அவை எவரிடமிருந்து எடுக்கப்பட்டனவோ அந்த மக்களிடமே மீளவிருக்கின்றன.

அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர் தப்பியது, முன்னறிந்து சுரங்கவழி அமைத்தோரின் கருணையால். அரக்குத் தட்டிலிருந்து மலைநாட்டுக் குரல்கள் தப்பியதும், பரணையும் பழங்கடையையும் சலியாது தேடிய சிலரின் கருணையாலேயே. பாடியோர் ஏழைகள், பதித்தோர் வணிகர், காத்தோர் பெரும்பாலும் பட்டமும் பதவியும் அற்றோர். ஒரு மக்களின் பாட்டைக் காப்பது அரசும் நிறுவனமும் மாத்திரம் செய்யும் வேலையன்று. தன் வீட்டுப் பரணில் இருப்பது யாது என்று கேட்டு, தூசு தட்டி, பாடியவர் பெயரையும் அவர்க்குக் கற்பித்தவர் பெயரையும் எழுதி வைக்கும் ஒவ்வொருவரின் கடமையும் அதுவே.